பக்கத்துக்குப் பதினொன்று

அர்வோ லாஹ்தி ஐம்பத்தெட்டு வருஷம் வாழ்ந்து பேசிய மொத்தப் பேச்சையும் எழுதி வைத்திருந்தால் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அடங்கியிருக்கும். அதிலும் கடைசிப் பக்கங்கள் காலியாகவே இருந்திருக்கும். அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரை ஊரான டுலூத்தின் துறைமுகத்தில் அவர் இழுவைப் படகு எஞ்சினியர். காலையில் "காபி இருக்கா?" என்பார். சாயங்காலம் "சரி" என்பார். இரண்டுக்கும் நடுவே எஞ்சின் பேசும். ஒரு நவம்பர் புயலில் 'ஹெல்மி' என்ற படகோடு சுப்பீரியர் ஏரிக்குள் போனார். அவர் செத்து ஒன்பதாவது வருஷம், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கேபிள் சேனல் அவருக்கு எட்டு எபிசோடுக்கு வசனம் எழுத ஆரம்பித்தது.

அவர் மனைவி வெர்னாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் துறைமுக ரேடியோ அறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, எந்தக் கப்பல் எங்கே என்று கேட்டுச் சொன்னவள். ஹெல்மி மூழ்கிய அன்றும் அவள்தான் பணியில் இருந்தாள். அர்வோவின் கடைசிப் பேச்சைக் கேட்டது அவள் ஒருத்திதான். அந்த வாரம் பதிவு எந்திரம் பழுதாகிக் கிடந்ததால் அது எங்கேயும் பதிவாகவில்லை. அவள் காதில் மட்டும் இருந்தது.

சேனல்காரர்கள் அவளிடம் மரியாதையாகத்தான் கேட்டார்கள். நீங்கள் வந்தாலும் எடுப்போம், வராவிட்டாலும் எடுப்போம். வந்தால் தப்பு நேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தப்பு நேராமல் பார்ப்பதே அவள் பிழைப்பாக இருந்தது. ஒரு பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

தொடரின் பெயர் 'துருவேறிய தண்ணீர்'. அதைப் படைத்தவர் கேரிக் ஸ்ட்ராட், ஐம்பது வயதுக்காரர், மெல்லிய குரல், அதைவிட மெல்லிய ஸ்வெட்டர். எழுத்தாளர் அறையில் நீள மேஜை. மேஜை நடுவில் பியானோ வகுப்பில் வைப்பார்களே, டிக் டிக் என்று ஆடும் தாளக் கருவி, அது. சுற்றி ஐந்து எழுத்தாளர்கள். ஐவரில் ஒருவர் படகில் போயிருக்கிறார், பஹாமாஸுக்கு, தேனிலவுக்கு.

"வெர்னா, அர்வோ காலையில எழுந்ததும் என்ன பேசுவாரு?" என்று கேட்டார் ஸ்ட்ராட்.

"காபி இருக்கான்னு கேப்பாரு."

ஐந்து பேனாக்கள் எழுதின.

"அப்புறம்?"

"இருக்கும்பேன்."

"அப்புறம்?"

"குடிப்பாரு."

பேனாக்கள் நின்றன. ஸ்ட்ராட் கருவியைத் தட்டி நிறுத்தினார். "சரி, கோபம் வந்தா? எப்படித் திட்டுவாரு?"

வெர்னா யோசித்தாள். நேர்மையானவள், இல்லாததைச் சொல்ல வராது. "ஒரு தடவ வடம் சுத்துற எந்திரத்துல ரெண்டு விரல் மாட்டிக்கிச்சு. ஒண்ணு போயே போச்சு."

"அப்போ?" அறை முழுக்க முன்னால் சாய்ந்தது.

"'அடடா'ன்னாரு."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஸ்ட்ராட் அவள் கையை ஆறுதலாகத் தொட்டார்.

"உங்களுக்குக் கூச்சமா இருக்கும், புரியுது. இங்க கூச்சம் வேண்டாம். கெட்ட வார்த்தைங்கிறது உழைக்கிற ஜனங்களோட கவிதை வெர்னா. நான் கனெக்டிகட்ல வளர்ந்தவன். எங்க வீட்டுல 'சீ'ன்னு சொன்னாலே அம்மா ரூமுக்குப் போகச் சொல்லிடுவாங்க. அப்பவே ஏங்குவேன், இந்தத் துறைமுகத்து ஆளுங்கல்லாம் எவ்வளவு சுதந்திரமா பேசறாங்கன்னு."

"எந்தத் துறைமுகத்துல பார்த்தீங்க?"

"டிவியில," என்றார் ஸ்ட்ராட்.

அந்த அறையில் யாரும் யாரையும் 'அட முட்டாளே' என்றுகூடச் சொல்லி வெர்னா கேட்டதில்லை. ஒருவர் தயிரை இன்னொருவர் தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டால், குளிர்பெட்டிக் கதவில் அரைப்பக்க மன்னிப்புக் கடிதம் ஒட்டியிருக்கும். 'உங்கள் கருத்தை நான் மதிக்கிறேன், இருந்தாலும்' என்று தொடங்காமல் யாரும் வாயைத் திறப்பதில்லை. அப்படிப்பட்ட ஐந்து சாதுக்கள் கருவியை ஆடவிட்டு, அதன் தாளத்துக்கே காலை பத்திலிருந்து ஆறுவரை வசை எழுதினார்கள்.

ஆங்கிலத்தில் நான்கே எழுத்துள்ள ஒரு வசை இருக்கிறது. இந்தக் கதையில் அது 'அந்த வார்த்தை' என்றே வரும். தொடரில் அது பெயராக வந்தது, வினையாக வந்தது, ஒரு சொல்லைப் பிளந்து அதன் நடுவில் ஆப்பு மாதிரி வந்தது. அதைச் சுற்றி ராஜா காலத்துப் பேச்சு. வெர்னாவின் கையில் கொடுத்த முதல் காட்சியில், படகில் வேலை செய்யும் ஒருவன் இன்னொருவனிடம் உப்பு கேட்கிறான். "கடலின் கண்ணீரைக் கட்டியாக்கிய அந்தக் கர்மத்தை, கழிசடைக்குப் பிறந்தவனே, என் கஞ்சியின் பக்கம் நகர்த்துவாயாக." இடையிடையே அந்த வார்த்தை நான்கு தடவை.

"எங்க ஆளுங்க உப்புன்னு கேட்டா, குடுத்துருவாங்க," என்றாள் வெர்னா.

"அருமை," என்று குறித்துக்கொண்டார் ஸ்ட்ராட். "உள்ளடங்கிய வன்முறை."

மூன்றாம் நாள் அவளை மேல்மாடிக்கு அனுப்பினார்கள். கதவில் 'மொழித் தர அலுவலகம்' என்று பலகை. உள்ளே வெண்டல் ப்ரைஸ் என்ற பெரியவர். கழுத்தில் சரட்டில் தொங்கும் கண்ணாடி, மேஜையில் சிவப்புப் பென்சில்கள் கூராகச் சீவி வரிசையாக. ஒவ்வொரு எபிசோடின் பிரதியையும் படித்துக் கையெழுத்துப் போடுபவர்.

"உக்காருங்கம்மா. நான் இருபத்திரண்டு வருஷம் சாதா சேனல்ல இருந்தேன். அங்க என் வேலை, கெட்ட வார்த்தைய எடுக்கறது. 'நாசமாப் போ'வ எடுத்துட்டு 'நல்லாப் போ'ன்னு போட்டிருக்கேன். நாட்டோட நாக்க நான்தான் காப்பாத்தறேன்னு பேர். இங்க வந்து எட்டு வருஷம் ஆச்சு. இங்க என் வேலை, குறையுதான்னு பார்க்கறது."

"குறைஞ்சா?"

"பக்கத்துக்குப் பதினொண்ணு இருக்கணும். குறைஞ்சா பற்றாக்குறை நோட்டீஸ் அனுப்புவேன். பத்து வயசுக்குக் கீழ உள்ள பாத்திரத்துக்குப் பாதி போதும், பஸ் டிக்கெட் மாதிரி. பாதிரியாருக்கு முழுசு."

"ஏன் பதினொண்ணு?"

ப்ரைஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பொய் சொல்லாதவர் என்பது வெர்னாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சாதா சேனல் இலவசம். எங்களுக்கு ஜனங்க மாசாமாசம் கட்டறாங்க. இலவசத்துல கிடைக்காத எதையாவது குடுக்கணுமில்ல? அப்படி ரெண்டே விஷயம்தான் இருக்கு. ஒண்ணு அம்மணம். இன்னொண்ணு அந்த வார்த்தை. படகுல அம்மணம் குளிரும். அதனாலதான் பதினொண்ணு. மத்தத் தொடர்ல ஏழு."

"ஆனா உண்மையில அவங்க..."

"அம்மா, உண்மைங்கிறதுக்கு எங்ககிட்ட அளவுகோல் இல்ல. இதுக்கு இருக்கு." பென்சிலால் மேஜையைத் தட்டினார். "விருதுக் குழுவும் இதத்தான் பார்க்குது. போன வருஷம் ஒரு தொடர்ல எல்லாரும் சாதாரணமா பேசினாங்க. 'எழுதவே இல்லையே'ன்னுட்டாங்க."

வெர்னா லிஃப்டில் இறங்கும்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். தன் முகத்தில் தப்பு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாலாவது வாரம் கடைசி எபிசோடின் பிரதி வந்தது. படகு மூழ்குகிறது. கீழே எஞ்சின் அறையில், நெஞ்சளவு தண்ணீரில், அர்வோ ரேடியோவைக் கையில் எடுக்கிறார். அதற்குப் பிறகு இரண்டேமுக்கால் பக்கம் அவர் ஒருவரே பேசுகிறார். புயலைப் பேசுகிறார், இரும்பைப் பேசுகிறார், தன் தகப்பனைப் பேசுகிறார். 'காற்றே, காறி உமிழவும் தகாத கழிசடையே, நீ உடைத்தது படகை, உடைப்பாயோ என் ஊழை' என்று தொடங்குகிறது. அந்த வார்த்தை முப்பத்தொன்பது. ப்ரைஸ் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'ஒன்பது உபரி. பாதிரியார் காட்சிக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தார்.

வெர்னா நேராக ஸ்ட்ராட்டின் அறைக்குப் போனாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள். டுலூத்தில்கூடச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அந்த ஊர் வழக்கம் அப்படி.

"அவர் என்ன சொன்னாருன்னு நான் சொல்றேன். அப்படியே போடுங்க. 'வெர்னா, தண்ணி உள்ள வருது. பசங்கள மேல அனுப்பிட்டேன்.' அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. பம்பு ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், 'சரி'ன்னாரு. அவ்வளவுதான்."

ஸ்ட்ராட்டின் கண்கள் நிரம்பிவிட்டன. அந்த மனிதர் கெட்டவரில்லை. எழுந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டார்.

"எவ்வளவு அழகு. வெர்னா, இது எவ்வளவு அழகு." மூக்கை உறிஞ்சினார். "ஆனா இத வெச்சு நான் என்ன பண்ண?"

"அப்படியே வையுங்க."

"எட்டு வார்த்தை. எபிசோடு அறுபத்தொரு நிமிஷம்."

"அவருக்கு எட்டு வார்த்தைதான் இருந்துச்சு."

"அதத்தான் சொல்றேன். அவருக்குள்ள எவ்வளவோ இருந்துச்சு, வெளிய வரல. பாவம், அவருக்கு ஒரு எழுத்தாளன் இல்ல. இப்ப நான் இருக்கேன்." வெர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவர் சொல்லாததச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கேன்."

படப்பிடிப்பு ஒரு பெரிய தொட்டியில். நடிகர் பெயர் ரோரி, இங்கிலாந்திலிருந்து வந்த நாடகக்காரர். நடிகருக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். வெர்னாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், காதில் ஒரு ஹெட்போன் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக வாங்கி மாட்டிக்கொண்டது.

இருபத்தேழு தடவை எடுத்தார்கள். இருபத்தேழு தடவையும் காதுக்குள்ளே, மூளைக்குப் பக்கத்திலே, ரேடியோ கரகரப்போடு ஒரு குரல் 'வெர்னா' என்று தொடங்கி முப்பத்தொன்பது முறை அந்த வார்த்தையைச் சொல்லிச் செத்தது. ரோரி நல்ல நடிகர், கேட்டவர்கள் அழுதார்கள். பத்தொன்பதாவது தடவையில் வெர்னாவும் அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

முடிந்தபின் ரோரி துண்டைப் போர்த்திக்கொண்டு அவளிடம் வந்தார். "மன்னிச்சிருங்க. உங்க வீட்டுக்காரர் இப்படிப் பேசியிருக்க மாட்டாரு, இல்ல?"

"இல்ல."

"எங்கப்பா சுரங்கத்துல இருந்தாரு. அவரும் பேசமாட்டாரு." துண்டால் தலையைத் துவட்டினார். "ஆனா பேசாத வேஷத்துக்கு விருது குடுக்க மாட்டாங்க." ஒப்பனைக்காரி கூப்பிட்டாள், போய்விட்டார்.

ப்ரைஸின் உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். 'நம்பகச் சான்று: மேற்படி வசனம் உள்ளது உள்ளபடியே உள்ளது.' வெர்னா கையெழுத்துப் போட முடியாது என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை. பிரச்சினையே இல்லை என்று சொல்லி, அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்ற வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். வந்தது உண்மைதானே? அவள் கையெழுத்துப் போட்டாள்.

தொடர் வெளியானபோது கடைசி எபிசோடின் முடிவில், கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது: 'நேரில் கேட்டவர்: வெர்னா லாஹ்தி.'

விருதுகள் வந்தன. இழுவைப் படகுக்காரர்களின் அழிந்துபோன காவிய மொழி என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஒரு பல்கலைக்கழகம் அந்த மொழியின் இலக்கணத்தை ஆராய மூன்று பேரை டுலூத்துக்கு அனுப்பியது. அவர்கள் ஒரு மாதம் துறைமுகத்தில் நின்று, குளிரைப் பற்றி மட்டும் பதிவு செய்து, ஆட்கள் வெளியாரிடம் மறைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். கோடையில் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். உணவுக்கடையில் காபி ஊற்றும் பெண்ணைத் 'திட்டுங்களேன்' என்று கேட்டார்கள். அவள் முதலில் சிவந்துபோனாள். பிறகு திட்டினாள். செப்டம்பருக்குள் துறைமுகத்தில் பாதிப் பேர் சந்தத்தோடு உப்பு கேட்டார்கள்.

வெர்னா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. தினமும் பாத்திரம் கழுவும்போது அர்வோவின் அந்த எட்டு வார்த்தையை மனசுக்குள் ஒருமுறை ஓடவிடுவது அவள் வழக்கம். பிரார்த்தனை என்று அவள் சொல்லமாட்டாள். லூத்தரன் சர்ச்சில் பிரார்த்தனைக்கு வேறு நேரம் இருக்கிறது. இப்போது ஓடவிட்டால் வார்த்தை சரியாக வந்தது, குரல் மட்டும் ரோரியுடையதாக இருந்தது. 'தண்ணி உள்ள வருது' என்று லண்டன் நாடகக்காரர் சொன்னார். அவள் ஈரக் கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். மறுபடி முயன்றாள். அர்வோ எப்படிப் பேசுவார்? கட்டையான குரல் என்று தெரியும். தெரிகிறது, கேட்கவில்லை.

நவம்பரில் ஹெல்மி மூழ்கிய பத்தாம் ஆண்டு. சர்ச் மண்டபத்தில் மத்தியானம் கூட்டம். வழக்கமாக இருபது பேர் வருவார்கள், காபி குடிப்பார்கள், 'காற்று அதிகம்' என்பார்கள், போவார்கள். இந்த முறை இருநூறு பேர். சேனல் ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தது.

முதலில் டேரில் ஹாவ்கன் எழுந்தான். அன்று தப்பிய மூன்று பேரில் ஒருவன், நாற்பது வயது, கூட்டத்தைப் பார்த்தாலே வியர்ப்பவன். அவன் மைக்கைப் பிடித்து, "கீழேயிருந்து அவர் கத்தினது இன்னும் என் காதுல இருக்கு," என்றான். பிறகு, 'காற்றே' என்று தொடங்கி அந்த இரண்டேமுக்கால் பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னான். அந்த வார்த்தை முப்பத்தொன்பதும் சர்ச் கூரையில் மோதித் திரும்பின. பாட்டுக் குழுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

வெர்னா மேடைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போனாள்.

"அவர் சொன்னது," என்று தொடங்கினாள். "'வெர்னா, தண்ணி உள்ள வருது. பசங்கள மேல அனுப்பிட்டேன்.' கொஞ்சம் கழிச்சு, 'சரி.'"

நிறுத்தினாள். மண்டபம் காத்திருந்தது. அன்பாகக் காத்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவளைப் பார்த்த முகங்கள், தலையைச் சாய்த்து, மிச்சத்துக்காகக் காத்திருந்தன. யாரோ இருமினார்கள். பாவம், மறந்துவிட்டாள் என்ற இரக்கம் வரிசை வரிசையாகப் பரவுவதை அவள் மேலிருந்து பார்த்தாள். முன்வரிசையிலிருந்த பாதிரியார், நல்ல மனிதர், முன்னால் குனிந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார்: "'காற்றே, காறி உமிழவும்...'"

வெர்னா மேடையிலிருந்து இறங்கிப் பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.

கார் நிறுத்துமிடத்தில் பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் டேரில் ஓடிவந்தான், கோட்டுகூடப் போடாமல்.

"வெர்னா, நில்லுங்க. கோவமா?"

"நீ அங்க இருந்த டேரில். நீ இருந்த."

"இருந்தேன்." கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். "அவர் அப்படிப் பேசலன்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பத்து வருஷமா எங்க போனாலும் கேக்கறாங்க, கடைசியா என்ன சொன்னாருன்னு. நான் சொன்னா, 'அவ்வளவுதானா?'ம்பாங்க. அவர் உயிர எனக்குக் குடுத்துட்டு, 'அவ்வளவுதானா'ன்னு ஆயிடுது. இது... இது சொன்னா எழுந்து நிக்கறாங்க. அவருக்காக எழுந்து நிக்கறாங்க வெர்னா. எனக்கும் ரெண்டு நாள் தூக்கம் வருது."

வெர்னாவுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் நாற்பது வயது ஆள் பனியில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது எதைத் திட்டுவது? அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பத்து வருஷத்தில் அவளும் அவனைக் கேட்டதில்லை.

"உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"அந்த டிவி ஆளுங்க ஃபோன் பண்ணப்போ அவங்ககிட்ட சொன்னேன். நீளம் பத்தாதுன்னுட்டாங்க."

"என்கிட்ட சொல்லு."

டேரில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நான் ஏணில ஏறப் போனேன். காலப் பிடிச்சு நிறுத்தினாரு. 'பூட்ஸக் கழட்டு'ன்னாரு. நான் முழிச்சேன். குனிஞ்சு அவரே ஒண்ணக் கழட்டினாரு, தண்ணிக்குள்ள கைய விட்டு. இன்னொண்ண நான் கழட்டினேன். போட்டுட்டுக் குதிச்சிருந்தா நேரா அடியிலதான். அதனாலதான் மிதந்தேன்."

"கத்தினாரா?"

"இல்ல இல்ல. சும்மா, நாங்க உங்க வீட்டுக்கு வர்றப்ப வாசல்ல இதையே சொல்வாரே, அந்த மாதிரி."

மண்டபத்துக்குள்ளிருந்து பியானோ கேட்டது, பாட்டுத் தொடங்கிவிட்டார்கள். வெர்னா காரில் சாய்ந்துகொண்டாள். வாசல் மிதியடியில் நிற்கும் எவனோ ஒருவனிடம், கட்டையான, அவசரமில்லாத, மூக்கடைத்தது போன்ற ஒரு குரல். லண்டன் இல்லை. நாடகம் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

"பூட்ஸக் கழட்டு," என்றான் டேரில்.